தூங்குகிறவளை வரைவது

ஒரு நடிகை அழுகிற காட்சியைப் படம்பிடிக்கும்போது கேட்காமலே பல விஷயங்கள் கிடைத்துவிடும். மூக்கு நுனி சிவக்கும். காதோரத்து முடி ஃபேன் காற்றில் ஆடும். எங்கிருந்தோ ஓர் ஈ வந்து கன்னத்தில் உட்காரும். இயக்குநர் விவரமானவராக இருந்தால் ‘கட்’ சொல்லாமல் காத்திருப்பார். அனிமேஷனில் அந்த ஈயையும் யாராவது வரைந்தாக வேண்டும். அது எத்தனை ஃப்ரேம் கன்னத்தில் இருக்கும், எந்தப் பக்கம் பறக்கும், பறந்த பிறகு அவள் கையை வீசுவாளா அல்லது வீசத் தோன்றாமல் இருப்பாளா என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டும். இனாமாக எதுவும் வராத தொழில் இது.

நான் சாத்தூர்க்காரி. எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அமெரிக்க, ஐரோப்பியத் தொலைக்காட்சித் தொடர்களின் வேலை இந்திய நகரங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம். கதை, குரல், ஸ்டோரிபோர்டு, பாத்திரத்தை எல்லாக் கோணத்திலும் வரைந்துகாட்டும் மாடல் ஷீட் எல்லாம் அங்கிருந்து வந்துவிடும். இடையில் உள்ள உழைப்பு எங்களுடையது. நான் இன்-பிட்வீனர். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் சீனியர் அனிமேட்டர் வரைந்து தருவார், அவை கீ. ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்குப் போகும் வழியில் உள்ள படங்களைப் போடுவது எங்கள் பாடு. லைட் பாக்ஸில் பெக் பார் பதித்திருக்கும். நடுவில் உருண்டையாக ஒரு முளை, இரு பக்கமும் பட்டையாக ஒவ்வொன்று. அதற்கேற்பத் துளையிட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் முந்தைய கோட்டையும் பிந்தைய கோட்டையும் பார்த்து, நடுக்கோட்டைப் போட வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவது வழக்கம், அதை ‘டூஸ்’ என்போம். ஆக, வினாடிக்கு 12 படம். மாதக் கடைசியில் யாரும் எத்தனை படம் போட்டாய் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை வினாடி முடித்தாய் என்றுதான் கேட்பார்கள்.

கற்றுக்கொண்டது நிறைய. ஓடுவது, வழுக்குவது, சுவரில் மோதித் தட்டையாவது எல்லாம் கைக்கு வந்தன. டிஸ்னியின் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்த பன்னிரண்டு விதிகள் எங்கள் சுவரில் ஒட்டியிருந்தன. முதல் விதியே, எந்தப் பொருளும் நசுங்கும், நீளும் என்பது. அழுகையையும் அந்தக் கணக்கில்தான் வரைவோம்: இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வில்லாக வளைந்து பீய்ச்சியடிக்கும்.

பாத்திரம் சும்மா நிற்கிற இடத்தில் புதிதாக எதையும் வரையத் தேவையில்லை. ஒரே படத்தை நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைத்தால் போதும். இதற்குப் பெயர் ஹோல்ட். தொலைக்காட்சித் தயாரிப்பில் எல்லாருக்கும் பிடித்த சொல் அது. ஹோல்ட் கூடினால் செலவு குறையும். அப்படி நிறுத்திவைத்த பாத்திரம் திரையில் செத்துப்போகும். சிறுவர் தொடரில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மூன்றாவது வினாடியில் யாராவது அதன் தலையில் ஒரு பூந்தொட்டியைப் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒருத்தி காத்திருக்கிறாள், சொல்ல வந்ததை விழுங்குகிறாள், களைத்துவிட்டாள் என்று காட்ட அந்தச் செத்த படம் உதவாது. அசையாமல் நிற்கிறவளும் மூச்சு விடுகிறாள். எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றுகிறாள். அந்த அமைதியைப் படம் படமாக வரைய வேண்டும். ஓட்டத்தில் ஒரு கோடு பிசகினால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அமைதியில் தாண்டாது, அதையே பார்க்கும். அதனால் நிறுத்திவைப்பது எவ்வளவு மலிவோ, அமைதியாக இருக்கவைப்பது அவ்வளவு செலவு. பெரியவர்களுக்கான அனிமேஷன் என்று நான் நினைப்பது, இந்தச் செலவைச் செய்யத் துணிந்த படங்களைத்தான்.

இந்தப் பாடத்தைக் குறும்படங்களில் படித்தேன். மைக்கேல் டுடோக் டி விட் என்கிற நெதர்லாந்துக்காரரின் ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ 2000-இல் வந்தது. எட்டு நிமிடம், ஆஸ்கர் வாங்கியது. மகளிடம் விடைபெற்று அப்பா படகில் போகிறார். மகள் அதே கரைக்குச் சைக்கிளில் வந்து வந்து பார்க்கிறாள். சிறுமியாக, இளம்பெண்ணாக, தாயாக, கிழவியாக. பேச்சு கிடையாது. உருவங்கள் சின்னதாக, நீண்ட நிழலோடு, தூரத்தில் இருக்கும். முகத்தை அருகில் காட்டி அழவைக்கிற வேலையே இல்லை. அவள் வயதைச் சைக்கிள் மிதிக்கிற விதத்தில் வைத்திருக்கிறார். கிழவியானதும் அவள் நிறுத்துகிற சைக்கிள் நிற்காமல் சரிகிறது. அதை அவள் எடுத்து நிறுத்துவதை நான் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன்.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக கரோலின் லீஃப் 1976-இல் செய்த ‘தி ஸ்ட்ரீட்’ இன்னொரு பாடம். மான்ட்ரியலில் ஒரு யூதக் குடும்பம். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி இறந்தால் அவள் அறை தனக்குக் கிடைக்கும் என்று ஒரு பையன் காத்திருக்கிறான். அதை அவன் கெட்ட எண்ணமாகவும் காட்டாமல், வேடிக்கையாகவும் ஆக்காமல் படம் நடக்கிறது. லீஃப் கண்ணாடியின்மேல் வண்ணத்தால் வரைந்து, படமெடுத்து, அதைக் கொஞ்சம் அழித்து அடுத்ததை வரைந்தார். ஒரு படம் பிறக்க முந்தையது அழிய வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஃபிலிம் மட்டும்தான், ஒரு மூல ஓவியம்கூட இருக்காது. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ‘இட்ஸ் சச் எ பியூட்டிஃபுல் டே’யில் நாயகன் வெறும் குச்சி மனிதன். தலையில் ஒரு தொப்பி, கண்ணுக்கு இரண்டு புள்ளி. அவனுக்கு ஞாபகம் அழிந்துகொண்டே போவதைப் பார்க்கும்போது, முகத்தில் இத்தனை குறைவாக வரைந்தும் இவ்வளவு கிடைக்கிறதா என்று பொறாமையாக இருந்தது.

நமக்குப் பக்கத்திலிருந்து வந்தது மும்பைக்காரரான கீதாஞ்சலி ராவின் ‘பிரிண்டட் ரெயின்போ’. 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டு விருதுகள் வாங்கிய 15 நிமிடப் படம். தனியாக வாழும் ஒரு வயதான பெண், அவள் பூனை, அவள் சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிகள். வீடு சாம்பல் நிறம். தீப்பெட்டி லேபிளுக்குள் அவள் நுழைந்தால் நிறங்கள். லேபிள் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சமாசாரம். சிவகாசியில் அச்சடித்து, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிகளில் ஒட்டி வடக்கே போகிறது. ஊரில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதத்துக்குள் ஒரு முதியவளின் தனிமை இருக்க முடியும் என்று காட்ட மும்பையிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் பெரியம்மாவின் கதையை நானே செய்யலாம் என்று தோன்றியது.

பெரியம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. அவருக்கு வலது பக்கம் விளங்காமல் போனது, பேச்சும் போய்விட்டது. வருஷக்கணக்கில் படுக்கை. அவர் நல்லபடியாக இருந்த காலத்தில் அவளை நல்லபடியாக நடத்தியதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஒரு நாள் விடிகிற நேரத்தில் அவர் இறந்தார். சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்து, கூடத்தில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி தொடங்கியபோது பெரியம்மாவைக் காணவில்லை. உள் அறையில் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினார்கள், எழவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். சடங்குக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. கல்நெஞ்சக்காரி என்றார்கள். அதிர்ச்சி என்றார்கள் சிலர், பரிந்து பேசுவதாக நினைத்து. அவள் எதற்கும் பதில் சொல்லவில்லை. அந்தத் தூக்கம் நிம்மதியா, துக்கமா, வெறும் உடம்பு அசதியா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அதைப் படமாக்க ஆசைப்பட்டேன்.

குறும்படம் எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: “இதை எதுக்கு வரையணும்? நாடகத்துல நடிக்கிற நல்ல அம்மா ஒருத்தங்களை வச்சு ஒரே வாரத்துல எடுத்துரலாமே.” நியாயமான கேள்வி. வரைவதற்குத் தனிக் காரணம் இல்லாத கதையை வரையக் கூடாது என்பது என் கட்சியும்கூட. என்னிடம் காரணம் இருந்தது. படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பது என்றால் உடம்பு: துடைப்பது, மலம் அள்ளுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது. கேமரா அங்கே போனால் ஒன்று கூசி விலக வேண்டும், அல்லது நடிப்பவரின் உடம்பை அம்பலமாக்க வேண்டும். கோடு அப்படியில்லை. அதில் எல்லாவற்றையும் காட்டலாம், யாருடைய மானமும் போகாது. டெய்ஸி ஜேக்கப்ஸ் என்கிற பிரிட்டிஷ் இயக்குநரின் ‘தி பிக்கர் பிக்சர்’ (2014) இதே பாதையில் போனது. வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அண்ணன் தம்பிகளை ஆளுயரத்துக்குச் சுவரிலேயே வரைந்து, கைகளைக் காகிதக்கூழில் செய்து சுவரிலிருந்து வெளியே நீட்டவிட்டிருந்தார். அந்தக் கைகள் உண்மையான பாத்திரத்தைத் தொடும்போது, வேலையின் பாரம் சட்டென்று நம் அறைக்குள் வந்துவிடும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் முதுகிலும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வரும். பகலும் இரவும் இது மாறாது. என் படத்தின் தாளத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒன்பது நிமிடப் படத்தில் ஓர் இரவு, நான்கு புரட்டல்கள், பிறகு விடியல், கூட்டம், தூக்கம். கடிகாரம் காட்டவில்லை. புரட்டல்தான் கடிகாரம்.

ஆனால் புரட்டுவது எப்படி என்று எனக்கே தெரியாது. அம்மாவிடம் கேட்டேன்.

“அவ்வளவு கனத்தைப் பெரியம்மா எப்படிம்மா தூக்குனாங்க?”

“தூக்குறதா? யாருடி தூக்குனா? அந்தப் பக்கத்துத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிச்சுத் தன் பக்கமா உருட்டுவா. கையைப் பிடிச்சு இழுத்தா மூட்டு கழண்டுரும். முட்டியைக் கட்டில்ல முட்டுக் குடுத்துப் பின்னால சாய்வா. அவ கனம் அவரை இழுத்துரும்.”

தம்பியைக் கட்டிலில் படுக்கவைத்து அம்மாவைச் செய்துகாட்டச் சொல்லி செல்போனில் எடுத்தேன். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “உசுரில்லாத மாதிரி கிடடா” என்றேன். “வீட்டுக்குள்ள என்ன பேச்சு பேசுற” என்று அம்மா என்னை அடிக்க வந்தாள். ஆனால் அவள் பின்னால் சாய்ந்த அந்த ஒரு நிலை எனக்குப் போதுமானதாக இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அவள் விலகிப் போகிற மாதிரி இருக்கும். அந்த விலகலால்தான் அவர் புரள்கிறார். பெரியம்மாவின் குடித்தனம் முழுக்க அந்த நிலையில் இருந்தது. அதை முதல் கீயாக வரைந்தேன்.

வீடியோவை அப்படியே கோடிழுத்து எடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். அதற்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர், மாக்ஸ் ஃப்ளைஷர் நூறு வருஷத்துக்கு முன்பே காப்புரிமை வாங்கிய முறை. முழுக்கப் பிரதியெடுத்தால் அசைவு சரியாக இருக்கும், எடை இருக்காது. உருவம் தரையில் ஒட்டாமல் மிதக்கும். எடை என்பது நேரக் கணக்கு. கனமான பொருள் நகரத் தொடங்கத் தாமதிக்கும், நகர்ந்த பிறகு நிற்கவும் தாமதிக்கும். விளங்காத கை உடம்போடு சேர்ந்து புரளாது. உடம்பு புரண்டு முடிந்த பிறகு, சில ஃப்ரேம் கழித்து, தன் பங்குக்கு வந்து விழும். அந்தத் தாமதத்தைச் சரியாகப் பிடித்தால் பார்ப்பவருக்குப் பக்கவாதம் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதேபோல் பெரியம்மாவின் அசைவில் இடுப்பு முதலில் கிளம்பும், தோள் அடுத்து, கை கடைசி. கையிலிருந்து தொடங்கியிருந்தால் அவள் புதிதாகச் செய்கிறவளாகத் தெரிவாள்.

முதல் புரட்டலை முழுதாக, ஒரே ஷாட்டில் வரைந்தேன். இரண்டாவதில் கைகள் மட்டும். மூன்றாவதில் சுவரில் நிழல். நான்காவதில் பெரியப்பாவும் கட்டிலும் அசைவதில்லை. அறை மட்டும் அவர்களைச் சுற்றிப் புரள்கிறது. உறக்கமில்லாமல் இருந்தவர்களுக்கு அந்த ஷாட் உடனே புரிந்தது.

ஒன்பது நிமிடம் என்றால் 540 வினாடி. டூஸில் முழுதாக வரைந்தால் 6,480 படம். அதுவும் திரையில் ஒரே உருவம் இருந்தால். கீக்களைப் பென்சிலால் தாளில் வரைந்து ஸ்கேன் செய்துகொண்டேன். மற்றது ஓபன்டூன்ஸில். ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திவந்த டூன்ஸ் மென்பொருள்தான் அது; 2016-இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிளெண்டரும் இலவசம்தான். அதில் செய்த லாட்வியாவின் ‘ஃப்ளோ’ 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. கருவிக்குக் காசில்லை என்கிற சாக்கு நம் காலத்தில் போய்விட்டது. மிஞ்சியிருப்பது நேரம். விளம்பரப் படங்களுக்கும் பாடப்புத்தக நிறுவனங்களுக்கும் வேலை செய்து வாடகை கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் சொந்தப் படம். ஃபிரான்ஸில், கனடாவில் இத்தகைய படங்களுக்குப் பொதுப்பணம் வர வழிகள் இருக்கின்றன. இங்கே தனியாகச் செய்கிறவர்களின் படத்தில் தயாரிப்பாளர் பெயருக்குக் கீழே வரவேண்டியது அவர்களுடைய வங்கிக் கணக்குதான்.

அசையாத இடங்களில் ‘பாயில்’ வைத்தேன். ஒரே படத்தை மூன்று தடவை தனித்தனியாக வரைந்து மாற்றி மாற்றி ஓட்டினால், உருவம் நகராது, கோடு மட்டும் லேசாகத் துடிக்கும். சுவர், கட்டில், மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் இப்படி மும்மூன்று தடவை வரைந்தேன். பெரியப்பா இறந்த கணத்தில் அவர் உருவத்தின் கோடு மட்டும் துடிப்பதை நிறுத்திவிட்டேன். கட்டில் துடிக்கிறது, பாட்டில் துடிக்கிறது, அவர் மட்டும் இல்லை. ஸ்டூடியோவில் செலவைக் குறைக்கப் பழகிய அதே செத்த ஹோல்ட், அதற்கு உரிய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

நிறத்தைப் பற்றித்தான் பெரிய சண்டை. படம் பென்சில் கறுப்பிலும் காக்கித் தாளின் பழுப்பிலும் இருந்தது. உதவிக்கு வந்த இளைஞர், பெரியம்மா தூங்கும்போது திரையில் நிறங்கள் மலர வேண்டும் என்றார். அழகாக இருந்திருக்கும். ஆனால் நிறம் வந்த நொடியில் படம் தீர்ப்புச் சொல்லிவிடும்: கணவன் செத்தான், இவளுக்கு விடுதலை. ஊர் சொன்ன கல்நெஞ்சக்காரி என்கிற தீர்ப்பைத் திருப்பிப் போட்டால் அதுவும் தீர்ப்புதான். அவள் பதில் சொல்லாத கேள்விக்கு நான் வண்ணத்தில் பதில் எழுத விரும்பவில்லை. பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

ஒலியில் பாதிப் படம் இருக்கிறது. இசை வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு. ஃபேன் சுற்றும்போது வரும் ‘டிக்’, இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும் சத்தம், மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கும் சத்தம். ஒப்பாரிக்காக ஊரில் பாடும் பெண்களைப் பாடவைத்துப் பதிந்தோம். அவர்கள் பாடியது அவ்வளவு நன்றாக இருந்தது என்பதே சிக்கல். வார்த்தை கேட்டால் பார்வையாளர் கூடத்துக்குப் போய்விடுவார், எனக்கு அவர் உள் அறையில் இருக்க வேண்டும். மூடிய கதவு உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். ஒலிப்பதிவாளர் அவற்றைக் குறைத்ததும் வார்த்தை கரைந்தது. ஏற்ற இறக்கமும் மாரடிக்கும் தாளமும் மட்டும் நின்றன.

அந்தத் தாளத்துக்குமேல் தூக்க ஷாட். முக்கால் நிமிடம், ஒரே கோணம், ஒருக்களித்துப் படுத்த பெண். ஓய்வில் இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். 14 என்று வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சுக்கு நூறு ஃப்ரேம் சொச்சம். உள்மூச்சு குறுகியது, வெளிமூச்சு நீளம், முடிவில் ஓர் இடைவெளி. தோள் உயர்வது திரையில் பென்சில் கோட்டின் தடிமன் அளவுதான். சேலை மடிப்பு தோளைவிடக் கொஞ்சம் தாமதமாக எழும், தாமதமாக இறங்கும். இரண்டு மூச்சு ஒரே மாதிரி இருந்தால் இயந்திரமாகிவிடும், அதனால் ஒரே மூச்சைத் திருப்பித் திருப்பி ஓட்டவில்லை. ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தேன். ஒரு மூச்சின் முடிவில் மட்டும் இடைவெளியை நீட்டினேன். அரங்கில் அந்த இடத்தில் எல்லாரும் அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பது தெரியும். அப்போது ஒரு குறட்டை வரும். சிலர் சிரிப்பார்கள். சிரித்ததற்கு வருந்தவும் வைக்காமல், சிரிப்பை நீளவும் விடாமல் அடுத்த மூச்சை வைக்க வேண்டும். என் தொழிலில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

படம் முடிந்த பிறகு அதற்கு இடம் தேடும் வேலை. வணிகத் திரையரங்கில் ஒன்பது நிமிடப் படத்துக்கு வழியில்லை. இருப்பது விழாக்கள். அனிமேஷனுக்கென்றே 1960 முதல் நடக்கும் ஃபிரான்ஸின் அனெசி விழா, ஆவணப்படங்களோடு சேர்த்து 1990 முதல் நடக்கும் மும்பை விழா, கேரளத்தின் குறும்பட விழா. தேசிய விருதுக்கு அனுப்பத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். எங்கே போனாலும் ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கும்: அனிமேஷன் என்றால் குழந்தைகள் படம் என்று அர்த்தமில்லை. ஒரு விழாவில் விண்ணப்பத்தைப் படிக்காமலே சிறுவர் பிரிவில் காலைக் காட்சியாகப் போட்டுவிட்டார்கள். பள்ளிச் சீருடையில் அரங்கம் நிறைந்திருந்தது. மூக்குக் குழாய் வந்தபோது ஆசிரியை ஒருவர் எழுந்து அமைப்பாளர்களைத் தேடிப் போனார். பிள்ளைகள் போகவில்லை. நீண்ட இடைவெளியில் ஒரு குரல், “ஆயாவும் செத்துட்டாங்களா?” என்று கேட்டது. குறட்டை வந்ததும் அரங்கமே சிரித்தது. அன்றைக்கு என் கோபம் அமைப்பாளர்களோடு முடிந்தது. மூச்சுக் கணக்கு சரி என்று தெரிந்துகொண்டேன்.

பெரியவர்களிடம் வேறு மாதிரி. காட்சி முடிந்ததும் பெண்கள் வந்து படத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். தங்கள் மாமியாரை, கணவனை, தகப்பனை எத்தனை காலம் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். சொந்தத்தில் சிலருக்கு வருத்தம். செத்த வீட்டில் தூங்கினாள் என்பதை உலகத்துக்கே காட்ட வேண்டுமா என்றார்கள். தொடங்கும் முன்பே பெரியம்மாவிடம் அனுமதி கேட்டிருந்தேன். “ஊருக்கே தெரிஞ்ச கதைதானடி, நீயும் சொல்லிக்கோ” என்றிருந்தாள். முடித்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தாள்.

“நான் இம்புட்டுக் குண்டாவா இருந்தேன்?”

“கொஞ்சம் கூட்டி வரைஞ்சேன் பெரியம்மா. கனம் தெரியணும்ல.”

“இதுக்கு எம்புட்டுச் சம்பளம் குடுத்தாக?”

“யாரும் குடுக்கல. என் காசுதான்.”

“உன் காசுதானே, அப்ப இன்னும் ரெண்டு நிமிசம் தூங்க விட்டிருக்கலாம்ல.”

இரண்டு நிமிடம் என்றால் டூஸில் 1,440 படம். அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது சில கல்லூரிகளில் வகுப்பெடுக்கிறேன். பிள்ளைகள் கனமான கருக்களோடு வருகிறார்கள்: தற்கொலை, கருச்சிதைவு, குடிகார அப்பா. கரு கனமாக இருப்பதால் படமும் கனமாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஸ்டோரிபோர்டைப் புரட்டினால் மழை பெய்கிறது, இலை உதிர்கிறது, பியானோ வாசிக்கிறது. பாத்திரத்துக்கு மட்டும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் நான் கருவைப் பற்றிப் பேசுவதில்லை. எக்ஸ்-ஷீட்டை எடுக்கச் சொல்கிறேன். ஃப்ரேம் வாரியாக என்ன நடக்கிறது என்று குறிக்கும் தாள் அது. அதில், எதுவுமே நடக்காத இடங்களை முதலில் குறிக்கச் சொல்கிறேன். பக்கத்தில், அந்த இடத்துக்கு எத்தனை படம் வரையப் போகிறாய் என்று ஓர் எண். பெரும்பாலானவர்கள் முதல் தடவை பூஜ்யம் போடுகிறார்கள். பூஜ்யம் போட்டவர்களை வீட்டுக்குப் போய், அந்தப் பாத்திரத்தின் வேலையை உண்மையில் செய்கிற யாரையாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். திரும்பி வந்து எண்ணை மாற்றி எழுதுகிறவர்களோடு மட்டும் லைட் பாக்ஸுக்குப் போகிறேன்.